காலி கேட்ச்

நெல் கொள்முதலுக்கான ஒரு மென்பொருளில் பிழையைத் தெரிந்தே மறைத்தவன் நான். அதற்கான பழி வேறொருவர் தலையில் விழுந்தபோது வாயைத் திறக்கவும் இல்லை. நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். தவறு என்னுடையது.

கொள்முதல் நிலையத்தில் டோக்கன் தருவது, ஈரப்பதம் பார்ப்பது, 40 கிலோ சிப்பமாக எடை போடுவது, பட்டியல் போடுவது, வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்புவது என ஒன்று முடிந்தால்தான் அடுத்தது நடக்கும். இந்த வரிசையைத்தான் வொர்க்ஃப்ளோவாக எழுதியிருந்தேன். எழுதியவன் எதிர்பாராத ஒன்று நடுவில் வந்துவிட்டால் எக்ஸப்ஷன் எழும். அதைக் கையாள ஆள் உண்டா என்று, அழைத்த ஃபங்ஷன், அதை அழைத்த ஃபங்ஷன் என்று மேலே மேலே தேடிப் போகும். யாரும் இல்லையென்றால் 'அன்ஹேண்டில்டு எக்ஸப்ஷன்' என்று திரையில் ஒரு பெட்டி திறக்கும், வேலை நின்றுவிடும்.

சம்பா அறுவடை மும்முரத்தில், வாசலில் டிராக்டர்கள் வரிசைகட்டி நிற்கும் நேரத்தில், இந்தப் பெட்டி வந்துகொண்டே இருந்தது. விடை அதற்குள்ளேயே இருந்தது. 'நல் ரெஃபரன்ஸ் எக்ஸப்ஷன்' என்று பெயர். அதற்குக் கீழே, பிழை எந்த வழியாக வந்தது என்று காட்டும் ஸ்டாக் டிரேஸ். அதன் முதல் வரியில் ஃபங்ஷனின் பெயரும் வரி எண்ணும் இருந்தன. பட்டாவைச் சரிபார்க்கும் இடம் அது. நிதானமாகப் படித்திருந்தால் அன்றே தீர்ந்திருக்கும். நான் படிக்கவில்லை. அந்தப் பகுதியை அப்படியே, எழும் எக்ஸப்ஷனைப் பிடித்துக்கொள்ளும் டிரை–கேட்சுக்குள் போட்டேன். கேட்சுக்குள் ஒரு வரிகூட எழுதவில்லை, பிழையை லாகில் பதியும் வரியைக்கூட. பெட்டி வருவது நின்றது. மேலாளர் பாராட்டினார். வாங்கிக்கொண்டேன்.

இடறியதெல்லாம் குத்தகைதாரர்களின் பதிவு. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் கோயில் நிலத்தையும் மடத்து நிலத்தையும் சாகுபடி செய்பவர்கள் ஏராளம். பட்டா அவர்கள் பெயரில் இருக்காது. என் நிரலோ விவசாயியின் பெயரில் பட்டாவைத் தேடும், கிடைக்காது, இல்லாத பட்டாவிடம் சர்வே எண்ணைக் கேட்டு விழும். நிலம் ஒருவருடையது, உழைப்பு இன்னொருவருடையது என்பதை ஏற்றுத்தான் 1952-லேயே தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1969-ல் குத்தகை உரிமையைப் பதிவு செய்வதற்கென்றே தனிச் சட்டம் வந்தது. சட்டத்தை விடுங்கள், என் தாத்தாவே மடத்து நிலத்தில் பாடுபட்டவர். எனக்குத் தெரியாத விஷயம் இல்லை இது. எழுதும்போது நினைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

பட்டாச் சரிபார்ப்பும் பணத்துக்கான ஒப்புதலும் ஒரே ஃபங்ஷனில் இருந்தன. முதலாவது இடறியதும் மற்றது ஓடவே இல்லை. ஆனாலும் 'பதிவாகிவிட்டது' என்றது திரை. பட்டியலும் அச்சாகி வந்தது. மூட்டைகள் கிடங்குக்குப் போயின, பணம் மட்டும் போகவில்லை.

ஒரு அம்மா பாஸ்புக்கோடு வந்து பட்டியல் எழுத்தர் முன்னால் நின்றிருக்கிறார். "நெல்லு போயிடுச்சு, பணம் வரலையே தம்பி. அடகு வச்ச நகைக்கு வட்டி ஏறுது." எழுத்தர் உடனே எனக்குப் போன் போட்டார். "சார், நான் சரியாத்தான் போட்டேன். சிஸ்டம் ஓகேன்னுதான் காட்டுச்சு."

"என்ட்ரியை ஒழுங்கா பாருங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். நிர்வாகம் கேட்டபோதும் பதிவு செய்தவரின் தவறு என்று எழுதிக் கொடுத்தேன். அவர் சம்பளத்தில் பிடித்தார்கள்.

பிறகு நிரலைத் திறந்து பார்த்தபோது என் காலி கேட்ச் கண்ணில் பட்டது. குத்தகைதாரருக்குத் தனி வழி எழுதினேன், நின்றிருந்த பணம் போய்ச் சேர்ந்தது. மாற்றக் குறிப்பில் 'சிறு திருத்தம்' என்று மட்டும் போட்டேன். எழுத்தரைப் பற்றி யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. 'சிறு திருத்தம்' என்ற அந்த இரண்டு சொற்களை நன்றாக யோசித்துத்தான் தேர்ந்தெடுத்தேன்.

கையாளாத எக்ஸப்ஷன் என்றதும் ஒரு ராக்கெட் நினைவுக்கு வருகிறது. 1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ராக்கெட் கிளம்பிய ஒரு நிமிடத்துக்குள் சிதறியது. 64 பிட் எண்ணை 16 பிட்டுக்குள் அடைக்கப் பார்த்ததில் எழுந்த எக்ஸப்ஷனைக் கையாள நிரலில் வழியில்லை. ஊரறிய வெடித்ததால் விசாரணைக் குழு அடுத்த மாதமே காரணத்தைச் சொல்லிவிட்டது. என் பிழை வெடிக்கவில்லை, வெடிக்காதபடி நான்தான் பார்த்துக்கொண்டேன். என்னை உறுத்தியது பிரிட்டன் அஞ்சலக வழக்குதான். 'ஹொரைசன்' என்ற மென்பொருள் காட்டிய தப்புக் கணக்கை நம்பி, கிளை அஞ்சலகம் நடத்திய நூற்றுக்கணக்கானவர்களைக் குற்றவாளிகளாக்கினார்கள். சிலர் சிறைக்கே போனார்கள். 2024-ல் தனிச் சட்டம் போட்டுத்தான் பலரின் தண்டனைகளை ரத்து செய்ய முடிந்தது. மென்பொருளில் கோளாறு இல்லை என்று அங்கேயும் ஆட்கள் உறுதியாகச் சொல்லியிருக்கிறார்கள். நான் எழுதிக் கொடுத்த தாளிலும் அதேதான் இருந்தது.

நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதிவிட்டேன். பழைய நிரலையும் திருத்திய நிரலையும் இணைத்து, எழுத்தரிடம் பிடித்த தொகையை என் சம்பளத்திலிருந்து கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். அவரை நேரில் பார்த்துச் சொல்ல வேண்டியது இன்னும் பாக்கி.