காதோரம் ஒரு கருப்புப் பிறை

கண்புரை ஆபரேஷன் முடிந்து வந்த அம்மாவின் முதல் புகார் சுவரைப் பற்றி. "சுண்ணாம்புல இவ்வளவு நீலம் போட்டு அடிச்சீங்களாடா?" புரை முற்றிய லென்ஸ் மஞ்சளித்து, நீல ஒளியைத் தடுத்துக்கொண்டே இருக்கும். அதை எடுத்ததும் நீலம் கொட்டும். 1923இல் கண் அறுவை செய்துகொண்ட ஓவியர் குளோட் மொனேவும் நிறங்கள் மாறிவிட்டதாக எரிந்து விழுந்தவர்தான். அவருக்குக் கிடைத்தது தடித்த மூக்குக்கண்ணாடி. கண்ணுக்குள்ளேயே லென்ஸ் வைப்பதை லண்டனில் ஹரோல்ட் ரிட்லி தொடங்கியது 1949இல்.

நீலம் பழகிவிட்டது. அடுத்த புகார்தான் வயிற்றைக் கலக்கியது: "காது பக்கமா கருப்பா பிறை மாதிரி ஒண்ணு நிக்குது."

ஆபரேஷன் சுத்தமாக நடந்த கண்ணிலும் இது வருமாம். புது லென்ஸ் பழையதைவிடச் சிறியது, மெல்லியது. பக்கவாட்டில் வரும் ஒளி அதன் விளிம்பருகே திசைமாறி, விழித்திரையின் ஓர் ஓரத்தில் விழாமல் போகிறது. அதுதான் அந்த நிழல். பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் மூளையே அதைக் கண்டுகொள்ளாது. (முன்கூட்டியே இந்த ஒரு வரியைச் சொல்லி அனுப்பினால் என்னவாம்!)

ஆனால் கண்ணில் மின்னல் வெட்டினால், திடீரென்று கரும்புள்ளிகள் மிதந்தால், திரை இறங்குவதுபோல் மறைத்தால் காத்திருக்கவே கூடாது. விழித்திரை விலகலாக இருக்கலாம்; அன்றைக்கே ஓடுங்கள்.

மாதங்களோ வருடங்களோ கழித்துப் பார்வை மங்கினால், "புரை திரும்ப வந்துடுச்சு" என்பார்கள். புரை திரும்பாது. லென்ஸைத் தாங்கும் சவ்வு மங்கியிருக்கும். லேசரில் சில நிமிட வேலை.