ஆறு வரிசை பார்லியும் ஒரு ஈர வயலும்

நான் இருக்கிறது இங்கிலாந்துல நார்ஃபோக் பக்கம் ஒரு கிராமம். வீட்டுக்குப் பின்னாடியே பார்லி வயல். வந்த புதுசுல அதை கோதுமைன்னே நினைச்சிட்டிருந்தேன் (அப்பா மன்னார்குடியில விவசாயி, பிள்ளை லட்சணம் இது!). வயல்காரப் பெரியவர்தான் கதிரோட நீள மீசையைக் காட்டி வித்தியாசம் சொல்லிக் கொடுத்தார்.

2019 செப்டம்பர் கடைசியில அவர் குளிர்கால பார்லி விதைச்சார். இப்போ விதைச்சா பனியில கிடந்து எழுந்து அடுத்த ஜூலையில அறுப்பு. மேட்டு வயல் மணற்பாங்கு, அங்கே இரண்டு வரிசை ரகம். கீழ் வயல் களிமண், அங்கே ஆறு வரிசை ஹைப்ரிட்.

வரிசைன்னா என்னன்னு கேக்குறீங்களா? பார்லிக் கதிர்ல ஒவ்வொரு கணுவுலயும் மூணு பூ இருக்கும். இரண்டு வரிசையில நடுப்பூ மட்டும் மணி பிடிக்கும். ஆறு வரிசையில மூணும் பிடிக்கும். "அப்போ மூணு மடங்கு விளையுமா?"ன்னு கேட்டேன். சிரிச்சார். கதிர்ல மணி ஜாஸ்தின்னா தூர் கம்மி, அதனால கதிரும் கம்மி. ஓரத்து மணிகள் கொஞ்சம் சின்னதாவும் இருக்கும். ஆனாலும் விளைச்சல் பட்டியல்ல ஹைப்ரிட்தான் மேலே இருந்தது. விதை விலை அதிகம், அதனால கலக்கமாத்தான் விதைப்பாங்க. அந்த விதைக்காகக் கடன் வாங்கியிருந்தார் மனுஷன்.

அப்புறம் மழை... விடாத மழை. 2020 பிப்ரவரி மாதிரி ஈரமான பிப்ரவரி பிரிட்டன்ல பதிவானதே இல்லை. கீழ் வயல்ல தண்ணி தேங்கி நின்னுச்சு. வேருக்குக் காத்து இல்லை, போட்ட தழைச்சத்தும் போச்சு, பயிர் மஞ்சளாயிடுச்சு. நெல் மாதிரி தண்ணிக்குள்ள நிக்கிற ஜாதி இல்லை பார்லி. திட்டுத் திட்டா சொட்டை. கலக்க விதைச்ச வயல்ல பயிர் செத்தா, பக்கத்துப் பயிர் தூர் கட்டி இடத்தை நிரப்பணும். ஆனா இருந்ததுங்களே நோஞ்சானா நின்னுது.

சரி, வெயில் வந்தா தேறிடும்னு பார்த்தோம். வந்தது, ரொம்பவே வந்தது! அந்த மே மாசம் இங்கிலாந்துல பதிவானதுலயே வறண்ட மே. ஈரத்துல கிடந்த வேர் மேலோட்டமாவே நின்னுடுச்சு, கீழ இருந்த தண்ணி எட்டலை. அதோட பார்லிக்கு மணி எண்ணிக்கை சீக்கிரமே முடிவாயிடும். கோடையில மணியைப் பெருக்கி ஈடு கட்டுறது கஷ்டம்.

மேட்டு வயலும் காய்ஞ்சதுதான். ஆனா அங்கே குளிர்காலத்துலயே தண்ணி வடிஞ்சு வேர் ஆழமா இறங்கியிருந்தது. ஜூலையில எடை போட்டப்போ பட்டியல்ல பின்னாடி இருந்த ரகம் ஹெக்டேருக்கு ஒரு டன்னுக்கு மேல முந்திடுச்சு. பெரியவர் ஒண்ணும் பேசலை. டிராக்டர் டயர்ல ஒட்டியிருந்த மண்ணைக் குச்சியால சுரண்டிட்டே இருந்தார்.

அன்னிக்கு ராத்திரி அப்பாகிட்ட ஃபோன்ல சொன்னேன். "வடிகால் இல்லாம ரகத்தைத் திட்டி என்னடா பண்றது?"ன்னார். நான் எதையும் திட்டலை, இருந்தாலும் சுருக்குன்னுச்சு. அதையே கொஞ்சம் நாசூக்கா மறுநாள் பெரியவர்கிட்ட சொல்லிப் பார்த்தேன். "உங்க அப்பாவுக்கு என் வயல் தெரியுமா?"ன்னார்.

ஆகஸ்ட்ல ஒரு காலைல எட்டிப் பார்த்தா கீழ் வயல்ல ஜேசிபி நின்னுட்டிருந்தது. மண்ணடியில புதைச்சிருந்த பழைய வடிகால் குழாயெல்லாம் அடைஞ்சு கிடந்ததாம். அந்த இலையுதிர் காலத்துலயும் அதே இடத்துல அதே ஆறு வரிசைதான் போட்டார்.