எளிய கரங்களின் ஊழியம்



மகாராஷ்டிராவின் கட்சிரோலி மாவட்டத்தில் மருத்துவர்கள் அபய் பங், ராணி பங் தம்பதியினர், பச்சிளங்குழந்தைகளின் மரணத்தை 1993 முதல் கணக்கெடுத்தனர். 1995 முதல் 39 கிராமங்களில் அந்தந்த ஊர்ப் பெண்களுக்கே பயிற்சியளித்தனர். அவர்கள் வீடுதோறும் சென்று சிசுக்களைக் குளிராமல் காத்தனர். கிருமித்தொற்றுக்கு மருந்தூசியும் போட்டனர். மூன்றாம் ஆண்டில், பயிற்சி பெறாத ஊர்களோடு ஒப்பிடுகையில் மரணம் 62 சதவீதம் குறைந்தது.

எகிப்தில் சிப்பிராளையும் பூவாளையும் பயன்படுத்திய தேவன் இன்றும் எளிய ஸ்திரீகளைப் பயன்படுத்துகிறார். ஆகையால், உங்கள் குடியிருப்புக்கு ஆய்வாளர்கள் வந்தால் பயந்து கதவடைக்காதிருங்கள். "எங்களை எண்ணுவதோடு நிறுத்தாமல், எங்கள் சகோதரிகளுக்குக் கற்றுக்கொடுங்கள், ஆய்வின் முடிவை எங்களுக்கும் அறிவியுங்கள்" என்று தாழ்மையாய்க் கேளுங்கள். ஜெபிக்கிற கரங்கள் சிசுவைப் பராமரிக்கவும் அறியட்டும்.

கர்த்தர் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக!