ஸ்டைபண்ட் இருக்கா?

இன்டர்ன்ஷிப் லிங்க் ஒன்னு கிளாஸ் குரூப்ல வந்து விழுந்தா முதல்ல எதைப் பார்ப்பீங்க? பேரையா, ஊரையா, கடைசித் தேதியையா? நான் நேரா கீழே ஸ்க்ரோல் பண்ணி ஸ்டைபண்ட் வரியைத் தேடுவேன். எஜுகேஷன் லோன்ல படிக்கிற யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வாங்க.

நமக்கு இன்டர்ன்ஷிப்னாலே நாம காசு கட்டுற விஷயம்னு பழகிப்போச்சு. இன்-பிளான்ட் ட்ரெயினிங்னு அஞ்சு நாள் போவோம், பணம் கட்டுவோம், கடைசி நாள் பேனர் முன்னாடி ஒரு குரூப் போட்டோ, கையில ஒரு சர்டிபிகேட். அதனாலேயே பெரிய பெரிய சர்வதேச அமைப்புகள்ல சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்னு கேட்டா நமக்கு அதிர்ச்சியே வர்றதில்லை. "ஐ.நா. பேரு கிடைக்குதேடா, காசு எதுக்கு?"ன்னு என் ரூம்மேட் கேட்டான். அவனுக்குச் சொன்ன பதில்தான் இது, கொஞ்சம் நீளமாப் போயிடுச்சு.

ஐ.நா. தலைமைச் செயலகத்தோட இன்டர்ன்ஷிப் ரெண்டு மாசத்துலேர்ந்து ஆறு மாசம் வரைக்கும். இளங்கலை கடைசி வருஷத்துல இருக்கிறவங்க, முதுகலை படிக்கிறவங்க, படிப்பு முடிச்சு ஒரு வருஷம் தாண்டாதவங்க விண்ணப்பிக்கலாம். எந்த நாட்டுக்காரரா இருந்தாலும் சரி. விண்ணப்பிக்க ஒரு பைசா கட்ட வேண்டாம் (யாராவது "ஐ.நா. பிராசசிங் ஃபீஸ்"னு கேட்டா உடனே பிளாக் பண்ணிடுங்க). ஆனா சம்பளமும் கிடையாது. டிக்கெட், விசா, வாடகை, சாப்பாடு, இன்சூரன்ஸ் எல்லாம் நம்ம செலவு. அதுவும் நியூயார்க்லயும் ஜெனீவாவுலயும்! இதை அவங்க மறைக்கலை, அறிவிப்பிலேயே நேராப் போட்டிருக்காங்க.

எங்க டிபார்ட்மென்ட்ல எனக்கு ரெண்டு வருஷம் சீனியர் ஒரு அக்கா. ஐரோப்பாவுல ஒரு பன்னாட்டு அலுவலகத்துல (பேர் வேண்டாம்) மூணு மாச இன்டர்ன்ஷிப்புக்கு செலக்ட் ஆனாங்க. எழுத்துத் தேர்வு, வீடியோ இன்டர்வியூ எல்லாம் தாண்டி. ஸ்டைபண்ட் இல்லை. அவங்க அப்பா தையல் கடை வச்சிருக்கார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கேன்டீன்ல உட்கார்ந்து எக்செல் ஷீட்ல கணக்குப் போட்டோம். ஷேரிங் ரூம், பஸ் பாஸ், மதியத்துக்கு வெறும் பிரெட்னு எவ்வளவு குறைச்சுப் பார்த்தும் நாலு லட்சத்துக்குக் கீழே இறங்கலை. அந்த ஷீட்டை அக்கா "ஃபைனல்", "ஃபைனல் 2", "ஃபைனல் 3"ன்னு சேவ் பண்ணிக்கிட்டே இருந்தாங்க.

கடைசியில "பர்சனல் ரீசன்ஸ்" காரணமா வர முடியலைன்னு மெயில் அனுப்பினாங்க. அந்தப் பக்கத்துலேர்ந்து வாழ்த்துகளோட ரெண்டு வரியில பதில் வந்துச்சு. அந்த இடத்துக்கு வேற யாரோ போயிருப்பாங்க. அவங்களும் திறமைசாலியாத்தான் இருப்பாங்க, சந்தேகமில்லை. ஆனா காசில்லாததால ஒருத்தர் வரலைங்கறது அந்த அலுவலகத்தோட எந்த ரெக்கார்டுலயும் இருக்காது. "பர்சனல் ரீசன்ஸ்"னுதான் இருக்கும்.

இந்த விஷயம் உலகத்துக்குத் தெரிஞ்சது ஒரு கூடாரத்தால. 2015 ஆகஸ்ட்ல, ஐ.நா.வில சம்பளமில்லாத இன்டர்னா இருந்த டேவிட் ஹைட்ங்கற 22 வயசு நியூசிலாந்து இளைஞர் ஜெனீவா ஏரிக்கிட்ட சின்னதா ஒரு கூடாரம் போட்டுத் தங்கினார். செய்தி எல்லாப் பக்கமும் பரவுச்சு, அவர் வேலையை விட்டு விலகினார். கவனத்தை ஈர்க்கத்தான் அப்படிச் செஞ்சேன், யாரும் கட்டாயப்படுத்தலைன்னு பிறகு அவரே சொன்னார். எனக்கு அதைப் படிச்சப்ப தோணினது வேற. நம்ம பாஸ்போர்ட்டுக்கு அந்தக் கூடாரமும் முடியாது. விசா அப்ளிகேஷன்ல எங்கே தங்கப்போறோம், அக்கவுண்ட்ல எவ்வளவு இருக்குன்னு காட்டணும். "ஏரிக்கரை"ன்னு எழுத முடியாது.

எல்லா இடமும் அப்படியே இருந்துடலை. அதே ஜெனீவாவுல இருக்கிற ஐ.எல்.ஓ., அதாவது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, இன்டர்ன்களோட அடிப்படைச் செலவுக்கு ஸ்டைபண்ட் தருது. தொழிலாளர் உரிமை பேசுற அமைப்பு இதைக்கூடச் செய்யலைன்னா எப்படி! 2018-ல உலக சுகாதார சபை ஒரு தீர்மானம் போட்டுச்சு: 2022-க்குள்ள உலக சுகாதார நிறுவனத்தோட இன்டர்ன்கள்ல குறைஞ்சது பாதிப்பேர் ஏழை நாடுகள்லேர்ந்தும் நடுத்தர வருமான நாடுகள்லேர்ந்தும் வரணும்னு. 2020-லேர்ந்து அங்கே ஸ்டைபண்டும் வந்துச்சு. வேற வழியில்லை. செலவுக்குத் தராம அந்தப் பாதியை எப்படி எட்டுறது? ஐரோப்பிய ஆணையமும் 1960-லேர்ந்து பட்டதாரிகளுக்கு அஞ்சு மாசப் பயிற்சி நடத்துது, உதவித்தொகையும் உண்டு, ஆனா வெளிநாட்டுக்காரங்களுக்கு இடம் ரொம்பக் கம்மி.

நம்ம ஆளுங்களுக்குச் சரியா பொருந்துறது செர்ன். அங்கே நடராஜர் சிலை இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும், 2004-ல இந்திய அரசு குடுத்தது. ஃபார்வர்டு வராத ஃபேமிலி குரூப் கிடையாது. ஆனா அதே வளாகத்துக்கு ஸ்டைபண்டோட போகலாம்னு எந்தச் சித்தப்பாவும் ஃபார்வர்டு பண்றதில்லை. சம்மர் ஸ்டூடன்ட் புரோகிராம் 8-லேர்ந்து 13 வாரம். மூணு வருஷம் படிப்பு முடிச்சிருக்கணும். நாள் கணக்குல செலவுத்தொகை, பயணத்துக்கு உதவி, இன்சூரன்ஸ் எல்லாம் உண்டு. பிசிக்ஸ்காரங்களுக்கு மட்டும்னு நினைச்சு ஒதுங்காதீங்க. 27 கிலோமீட்டர் சுத்தளவுக்கு ஒரு மெஷின், அதை ஓட்ட எலக்ட்ரானிக்ஸ், மெக்கானிக்கல், கம்ப்யூட்டர் சயின்ஸ் எல்லாரும் வேணும்.

இன்னொன்னு டெக்னிக்கல் ஸ்டூடன்ட். இது 4-லேர்ந்து 12 மாசம், மாசம் 3,000 ஃபிராங்குக்கு மேல ஸ்டைபண்ட். உறுப்பு நாடுகளுக்கும் இணை உறுப்பு நாடுகளுக்கும்தான். இந்தியா 2017-லேர்ந்து இணை உறுப்பு நாடு, அதுக்காக வருஷா வருஷம் பணம் கட்டுது. நம்ம வரிப்பணத்துல வாங்கின சீட்டு அது, காலியா விடாதீங்க.

போட்டி பயங்கரமா இருக்கும், பொய் சொல்லலை. ஐ.ஐ.டி.க்காரங்க ரிசர்ச் பேப்பரோட வருவாங்க. ஸ்டைபண்ட் வந்துட்டா எல்லாம் சமமாயிடும்னும் இல்லை. ஆனா செலக்ட் ஆகாம போறது வேற, செலக்ட் ஆகியும் போக முடியாதது வேற.

நான் இந்த ஜனவரியில சம்மர் ஸ்டூடன்ட்டுக்கு அப்ளை பண்ணியிருக்கேன். ரிசல்ட் இன்னும் வரலை. வீட்ல சொன்னப்ப அப்பா கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவுப்பா கட்டணும்?" நாம கட்ட வேண்டாம், அவங்க தருவாங்கன்னு புரியவைக்க ரெண்டு போன் கால் ஆச்சு. அப்பவும் முழுசா நம்பலை.

மூணாவது வருஷம் படிக்கிறவங்களுக்கு ஒன்னு. டெக்னிக்கல் ஸ்டூடன்ட்டா போகணும்னா படிப்பு முடிஞ்சிருக்கக் கூடாது, அதனால எனக்கு நேரமாயிடுச்சு, உங்களுக்கு இன்னும் இருக்கு. எட்டாவது செமஸ்டர் புராஜெக்டை அங்கே செய்ய முடியுமான்னு ஹெச்.ஓ.டி.கிட்ட இப்பவே கேளுங்க. சம்மர் ஸ்டூடன்ட்டுக்குக் கடைசித் தேதி ஜனவரி கடைசியில வரும். ரெகமண்டேஷன் லெட்டரை நவம்பர்லயே கேட்டு வாங்கிடுங்க. பொங்கல் லீவுல எந்த சாரும் மெயில் பார்க்கறதில்லை.