ஆறால் பெருக்கு

2021இல் அப்பாவுக்கு 48 வயது. ரந்தாவ் பக்கத் தோட்டத்தில் செம்பனைப் பழம் வெட்டிவிட்டு மோட்டாரில் திரும்பியவரை ஒரு கார் அடித்தது. வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஓட்டியவன் குடித்திருந்தான். எங்கள் லயத்திலேயே வளர்ந்தவன்.

"குடிச்சிருந்தா காப்புறுதி காசு வராதாமே?" அம்மாவின் பயம் அதுதான். வரும் என்றார் வழக்கறிஞர். 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, ஓட்டியவர் போதையில் இருந்தார் என்று சொல்லி அடிபட்டவரிடம் நிறுவனம் கைவிரிக்க முடியாது. கொடுத்த பணத்தைப் பிறகு ஓட்டியவரிடம் கேட்கலாம்.

விஷயம் தெரிந்து அவன் அம்மா வந்தார். "அவன் குடிக்கலன்னு சொல்லிடு தம்பி. வீட்ட வித்தாலும் எங்களால கட்ட முடியாது." எனக்குச் சோறு ஊட்டிய கை அது. "ரத்தப் பரிசோதனைல இருக்கு அத்த" என்றேன். வேறு சொல்ல வரவில்லை.

இனி வராத சம்பளத்துக்கு 1956ஆம் ஆண்டு சிவில் சட்டத்தில் கணக்கு இருக்கிறது. அப்பா வயதுக்காரர்களுக்கு, 60இல் வயதைக் கழித்து இரண்டால் வகுக்க வேண்டும். அப்பாவுக்கு வந்தது ஆறு. ஆறு வருடச் சம்பளம். ஆனால் சம்பாதித்ததை நிரூபிக்க வேண்டும். குத்தகைக்காரர் கையில் கொடுத்ததற்குச் சீட்டு ஏது?

"பழைய காலண்டர எடு" என்றார் அப்பா. ஒவ்வொரு கட்டத்திலும் பென்சிலில் அன்று வெட்டிய குலைகளின் எண்ணிக்கை. மூன்று வருடம்.

வழக்கு நடக்கிறது. அத்தை இப்போது பின்பக்கமாகச் சுற்றிப் போகிறார்.