ராபின் சிங் நிறுத்திய ரன்கள்

சின்னமனூர், உத்தமபாளையம் பக்கமெல்லாம் நெல் அறுத்து முடித்த வயல்தான் பசங்களுக்கு கிரிக்கெட் மைதானம். பேட்டிங்குக்கு அடிதடியே நடக்கும். பவுலிங்குக்கும் ஆள் உண்டு. "வாய்க்கால் ஓரமா போய் நில்லுடா" என்றால் மட்டும் ஒருத்தனும் அசைய மாட்டான். கடைசியில் வயசில் சின்னவன் தலையில்தான் அது விழும். அறுத்த தாள் காலில் குத்தக் குத்த ஓடி, அவன் நாலு பவுண்டரியாவது தடுத்திருப்பான். ஸ்கோர் எழுதுகிற நோட்டில் அவன் பெயரே இருக்காது.

அந்த வேலையில் பெயர் வாங்கியவர் ராபின் சிங். தமிழ்நாட்டு ஆட்டக்காரர்தான், ஆனால் பிறந்தது திரினிடாடில், 1963-ல். படிக்க சென்னைக்கு வந்தவர் இங்கேயே தங்கிவிட்டார். 33 வருஷம் கழித்து 1987-88-ல் தமிழ்நாடு ரஞ்சிக் கோப்பை ஜெயித்தபோது அந்த அணியில் இருந்தார். 1989-ல் இந்திய அணியில் எடுத்தார்கள். பிறந்த மண்ணிலேயே அறிமுகம்! இரண்டே ஒருநாள் போட்டி, அதோடு சரி. அடுத்த வாய்ப்பு வந்தது 1996-ல். ஏழு வருஷம்... வேறொருவராக இருந்தால் பேட்டைப் பரணில் போட்டிருப்பார்.

அப்போதைய இந்திய அணியில் ஃபீல்டிங் என்பது பேட்டிங் ஆடியதற்குக் கட்டுகிற வரி மாதிரி. அசாருதீன், அஜய் ஜடேஜா போல ஒன்றிரண்டு பேர்தான் விதிவிலக்கு. அந்தக் கூட்டத்தில் 33 வயசில் திரும்பி வந்த மனுஷன் பாய்ந்து விழுந்து பந்தை நிறுத்தினார்.

136 ஒருநாள் போட்டி, 2336 ரன், 69 விக்கெட். டெஸ்ட்? ஒன்றே ஒன்று, 1998-ல் ஹராரேயில். இந்த எண்களை மட்டும் பார்த்தால் சுமாரான ஆல்ரவுண்டர் என்று சொல்லிவிடலாம். கேட்சை எண்ணுவார்கள். நாலு போகவேண்டியதை ஒன்றாக்கினால் அதை யார் எண்ணுவது? அமெரிக்காவின் பேஸ்பாலில் நல்ல ஃபீல்டர்களுக்கென்றே 1957 முதல் கோல்டு குளோவ் என்று ஒரு விருது தருகிறார்கள். அங்கே பிறந்திருக்கலாம்!

2007-ல் இந்திய அணிக்கு ஃபீல்டிங் கோச் ஆனார். அந்த செப்டம்பரில் ஜோகன்னஸ்பர்க்கில் டி20 உலகக் கோப்பை இறுதி ஆட்டம். பாகிஸ்தானின் இம்ரான் நசீர் 14 பந்தில் 33 அடித்து வயிற்றைக் கலக்கிக்கொண்டிருந்தார். ராபின் உத்தப்பா எறிந்த பந்து நேராக ஸ்டம்பைத் தட்டியது. ரன் அவுட். இந்தியா ஜெயித்தது வெறும் 5 ரன்னில். ஆனால் அந்த ஆட்டம் என்றாலே எல்லாருக்கும் ஜோகிந்தர் சர்மாவின் கடைசி ஓவரும் ஸ்ரீசாந்த் பிடித்த கேட்சும்தான் ஞாபகம். எறியப் பழக்கியவரை யார் நினைக்கிறார்கள்?

2009-ல் கிரிக்கெட் வாரியம் அவரையும் பவுலிங் கோச் வெங்கடேஷ் பிரசாத்தையும் ஒன்றாக அனுப்பிவிட்டது. அப்புறம் மும்பை இந்தியன்ஸ், 2020-ல் ஐக்கிய அரபு அமீரகம் என்று அவர் பயணம் போய்க்கொண்டே இருந்தது.

2023 உலகக் கோப்பையில்தான் இந்திய அணி ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் சிறந்த ஃபீல்டருக்கு ஒரு மெடல் போட ஆரம்பித்தது. முதல் மெடல் விராட் கோலிக்கு. இடம், ராபின் சிங்கின் ஊரான சென்னை, சேப்பாக்கம்.