நூறு மீட்டருக்குள் ஒரு ஜன்னல்

காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலுக்குப் பக்கத்தில் வீடு வைத்திருப்பவர், சுவரில் ஆணி அடிக்கவும் டெல்லிக்கு எழுதிப்போட வேண்டும் என்று எங்கள் கோர்ட் வளாகத்தில் கேலி பேசுவதுண்டு. ஆணிக்கு வேண்டாம். ஜன்னலைப் பெயர்த்துப் பெரிதாக்குவதென்றால் வேண்டும். முசரவாக்கத்து நெசவாளர் ஒருவருக்கு அந்த வித்தியாசம் நோட்டீஸ் வந்த பிறகுதான் தெரிந்தது.

அவர் குடியிருப்பது முசரவாக்கத்தில். தறி ஓடுவது கோயிலை ஒட்டிய பிள்ளையார்பாளையத்தில், அப்பா விட்டுப்போன ஓட்டு வீட்டில். தெருப்பக்கச் சுவரில் இருந்த மரஜன்னலைக் கரையான் அரித்துவிட்டது. ஏற்கெனவே அது சின்ன ஜன்னல். குழித்தறியில் காலைக் குழிக்குள் விட்டுத் தரையோடு தரையாக உட்கார்ந்து நெய்கிறவருக்கு வெளிச்சம்தான் பாதி வேலை. கோர்வைப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம், தனித்தனி நாடா. இரண்டும் கோத்துக்கொள்ளும் இடத்தில் ஓர் இழை தப்பினாலும் கூலியில் கழித்துவிடுவார்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் ஜரிகை பளபளத்துக் கண்ணைக் கூசவைக்கிறது என்றார்.

கொத்தனாரைக் கூப்பிட்டார். பழைய ஜன்னலைப் பெயர்த்து, பக்கத்துக்கு ஓர் அடி அகலமாக்கி, மேலே தெருவைப் பார்த்து சன்ஷேட் போடச் சென்ட்ரிங்கும் அடித்தாயிற்று. யாரோ மனு போட்டார்கள். வேலையை நிறுத்து, விளக்கம் கொடு என்று நோட்டீஸ். அது ஐப்பசி மாதம். சுவரில் ஓட்டை, உள்ளே பாவு பூட்டிய தறி, நடுவில் ஒரு தார்ப்பாய்.

“ஹைகோர்ட்ல ஒரு ஸ்டே வாங்கிக் குடுத்துடுங்க சார். எவ்ளோ செலவானாலும் பரவால்ல.” இப்படிச் சொல்கிற கட்சிக்காரர் கையில் காசு இருப்பதில்லை என்பது என் அனுபவம். காசு இருந்திருந்தாலும் நான் ரிட் போட்டிருக்க மாட்டேன். பழங்கால நினைவுச்சின்னங்கள் பற்றிய 1958ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் 2010இல் திருத்தப்பட்டு, பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் தடைப்பகுதி, அதற்கப்பால் 200 மீட்டர் ஒழுங்குமுறைப் பகுதி என்று இறுகிவிட்டது. கோபுரத்திலிருந்து அளப்பவர்கள் உண்டு. எல்லையிலிருந்துதான் அளக்க வேண்டும். மீறிக் கட்டினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். டெல்லி ஜந்தர் மந்தர் அருகே எழுந்த ஒரு கட்டடம் பற்றிய நரேந்தர் ஆனந்த் வழக்கில், தடைப்பகுதிக்குள் கட்டக் கொடுத்திருந்த அனுமதியே செல்லாது என்று 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு இந்த 100 மீட்டர் விஷயத்தில் நீதிமன்றத்தில் இரக்கம் தேடிப் போவது வீண்.

ஆனால் அதே சட்டத்தில் 20சி என்றொரு பிரிவு இருக்கிறது. 1992 ஜூன் 16க்கு முன்பே நின்ற வீடாக இருந்தால், தடைப்பகுதிக்குள்ளும் பழுதுபார்க்கவும் சீரமைக்கவும் அனுமதி கேட்கலாம். இருக்கிற கட்டடத்தில் செய்யும் மாற்றம் பழுதுபார்ப்பில் சேரும். மேலேயோ பக்கவாட்டிலோ நீட்டினால் அது கட்டுமானம். ஜன்னலை அகலப்படுத்தினால் சுவர் எங்கேயும் நீளவில்லை என்று வாதாடலாம். சன்ஷேட் நீள்கிறது. எங்கள் வழக்கின் கழுத்தில் கயிறு அங்கேதான் இருந்தது.

“சன்ஷேட் இல்லாம ஜன்னல் எதுக்கு சார்? மழை நேரா தறிமேல அடிக்குமே!” நியாயமான கேள்வி. பதில் சொன்னவர் ஆசாரி. பழைய சுவர் ஒன்றரை அடி கனம். ஜன்னல் சட்டத்தை உள்விளிம்போடு ஒட்டிப் பொருத்திவிட்டால் சுவரே மழையைத் தாங்கும் என்றார். விண்ணப்பம் போகுமுன் சென்ட்ரிங்கைப் பிரிக்கச் சொல்லிப் படம் எடுத்துக்கொண்டேன். மீறலை அப்படியே விட்டுவைத்துக்கொண்டு அனுமதி கேட்டால் யார் நம்புவார்கள்?

மிச்சமிருந்தது 1992. வீட்டுவரி ரசீதுகள் இருந்தன, கதவு எண் பொருந்தவில்லை. இடையில் எண்களை மாற்றியிருந்தார்கள். வீடு எப்போது கட்டப்பட்டது என்று பட்டா சொல்லாது. கடைசியில் கைகொடுத்தது அப்பாவின் கூட்டுறவுச் சங்க உறுப்பினர் புத்தகம். எந்த வீட்டில் எத்தனை தறி என்று எண்பதுகளிலேயே பதிந்திருந்தது. பழைய கதவு எண் அதிலும் ரசீதிலும் ஒன்றாக இருந்தது.

எட்டாம் நூற்றாண்டில் காஞ்சியை வென்ற சாளுக்கிய விக்கிரமாதித்தன், ராஜசிம்மன் எடுத்த இந்தக் கோயிலின் செல்வத்தைத் திருப்பிக் கொடுத்ததாகக் கன்னடத்தில் பொறித்து வைத்திருக்கிறான். படையெடுத்து வந்தவனே கைவைக்காத கோயிலுக்கு 100 மீட்டர் அதிகமில்லைதான். ஆனால் அந்த 100 மீட்டருக்குள் புல்வெளி மட்டுமா இருக்கிறது, தறியும் ஓடுகிறது. சட்டத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. 20சியைப் பற்றி அந்தத் தெருக்காரர்களுக்கு யாரும் சொல்லாததுதான் குறை.

விண்ணப்பத்தைத் தகுதிவாய்ந்த அதிகாரி 15 நாளில் தேசிய நினைவுச்சின்ன ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும், ஆணையம் 2 மாதத்தில் கருத்துச் சொல்ல வேண்டும், அதன்பின் 1 மாதத்தில் முடிவு என்பது சட்டத்தின் கணக்கு. தை மாதம் அனுமதி வந்தது: வரைபடத்தில் காட்டிய அகலத்துக்கு மரஜன்னல் வைக்கலாம், வீட்டின் உயரம் கூடக் கூடாது, சுவருக்கு வெளியே எதுவும் நீளக் கூடாது.

பிள்ளையார்பாளையத்தில் பழைய வீடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கொத்தனாரைக் கூப்பிடுமுன் 1992 ஜூனுக்கு முந்தைய வரி ரசீதோ சங்கப் புத்தகமோ தேடி எடுத்து, நகல் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.